நிச்சயமா இவன்தான்! ...உறுதியாகத் தெரியுமா?

உங்கள் தலைக்குள் எத்தனை முகங்கள் குடியிருக்கின்றன, தெரியுமா? சுமார் 5,000! அத்தை பிள்ளைகள், பள்ளித் தோழர்கள், பால்காரர், பஸ் கண்டக்டர், சினிமா நட்சத்திரம், கட்சித் தலைவர் என எல்லாரையும் சேர்த்தால் சராசரி மனிதர் ஒருவர் இத்தனை பேரை முகம் பார்த்தே கண்டுகொள்வார். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் போட்ட கணக்கு இது. சிலருக்கு ஆயிரத்தோடு சரி. சிலருக்கோ பத்தாயிரத்தைத் தொடுகிறது!

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்களான நாம், ஒரே ஒரு திருடனின் முகத்தில் கோட்டை விட்டுவிடுகிறோம். அதுவும் சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, விரல் நீட்டிச் சொல்லும்போது! அமெரிக்காவில் தண்டனை பெற்று, பிறகு டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று நிரூபணமானவர்களின் வழக்குகளை ‘இன்னசென்ஸ் புராஜெக்ட்’ அமைப்பு அலசியது. ஏறத்தாழ பத்துக்கு ஏழு வழக்குகளில், நேரில் பார்த்த சாட்சி ஆளை மாற்றிக் காட்டியிருந்தார். காசு வாங்கிய பொய் சாட்சி இல்லை. மனதார நம்பிச் சொன்ன சாட்சி! எப்படி நடக்கிறது இது? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கைக்குழந்தைக்கு இருக்கும், உங்களுக்கு இல்லாத திறமை

இரண்டு குரங்குகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? ஆறு மாதக் குழந்தையால் முடிகிறது! 2002-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. ஆனால் ஒன்பது மாதம் ஆவதற்குள் அந்தத் திறமை போன இடம் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் அது கிடையாது. தினமும் எந்த முகங்களைப் பார்க்கிறோமோ, அவற்றுக்கு ஏற்ப மூளை தன்னைக் கூர்தீட்டிக்கொள்கிறது. மற்றவற்றைக் கைவிட்டுவிடுகிறது.

மனித முகங்களிலும் இதே கதைதான். பல வகை இன முகங்களையும் மூன்று மாதத்தில் பிரித்தறிந்த குழந்தைகள், ஒன்பது மாதத்தில் தங்கள் இன முகங்களை மட்டுமே பிரித்தறிந்தார்கள். வளர்ந்த பிறகு? ஏறத்தாழ 5,000 பேர் பங்கேற்ற 39 ஆய்வுக் கட்டுரைகளை 2001-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தம் இனத்தவர் முகம் எளிதில் மனதில் நிற்கிறது. வேற்று இன முகம் வழுக்கிவிடுகிறது. வெறுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பழக்கம்தான் காரணம்! சிறு வயதிலேயே பிரான்ஸுக்குத் தத்துப்போன கொரியர்கள், வளர்ந்த பின் கொரிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களை நன்றாக அடையாளம் கண்டார்கள் என்றால் பாருங்களேன்!

ஆட்டுக்கும் காக்கைக்கும்கூட முகம் தெரியும்!

கேம்பிரிட்ஜ் பக்கத்து பாப்ரஹாம் ஆய்வகத்தின் செம்மறியாடுகள், 50 சக ஆடுகளின் முகங்களை இரண்டு வருடம்வரை மறக்கவில்லை என்று 2001-ல் ‘நேச்சர்’ இதழ் சொன்னது. 2017-ல் கேம்பிரிட்ஜில் வேறு சில ஆடுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவை ஒபாமாவின் படத்தையே அடையாளம் கண்டன!

காக்கை இன்னும் ஒரு படி மேல். சியாட்டில் நகரில் 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப், குகை மனிதன் முகமூடி மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். அவ்வளவுதான்! அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைக் கூட்டம் கரைந்து தீர்த்தது. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன, வருடக்கணக்கில்! கொஞ்சம் நில்லுங்கள். தான் பார்க்காத குற்றத்துக்கு, ஊரார் சொன்னதை வைத்து ஒரு முகத்தைக் குற்றவாளியாக்கும் வேலை இது. மனிதர்களும் அதைச் செய்வதைச் சற்று நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

இரண்டு பேரின் படம்... ஏழெட்டுப் பேராக மாறிய மாயம்

2011-ல் பிரிட்டனில் ஒரு சோதனை. 40 படங்களைக் கையில் கொடுத்து, “ஒரே ஆளின் படங்களை ஒன்றாக அடுக்குங்கள்” என்றார்கள். படங்களில் இருந்தது இரண்டே பெண்கள். ஆளுக்கு 20 படம். இருவரும் நெதர்லாந்தில் பிரபலங்கள், பிரிட்டனில் யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ்காரர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்கு போட்டார்கள்! நெதர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோரோ சரியாக இரண்டே அடுக்கு!

ரகசியம் இதில்தான் இருக்கிறது. தெரிந்த முகம் தாடி வளர்த்தாலும், தொப்பி போட்டாலும், மங்கலான வீடியோவில் வந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத முகமோ வெளிச்சம் மாறினாலே வேறு ஆளாகிவிடும். “என் மாமாவைக் கூட்டத்தில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தேனே” என்ற தைரியத்தில், இரண்டு நிமிடம் மட்டுமே பார்த்த கொள்ளைக்காரனையும் கண்டுபிடிப்போம் என்று நம்பிவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு வித்தைகள்!

முகம் நினைவில் நிற்க வேண்டியதே இல்லை, ஆள் எதிரிலேயே நிற்கிறார் என்றாலும் சறுக்கல்தான். 1997-ல் இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் காசாளர்களிடம், புகைப்படம் ஒட்டிய கடன் அட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். அடுத்தவர் படம் ஒட்டிய அட்டைகளில் பாதிக்கு மேல் தடையில்லாமல் தாண்டிப்போயின!

பேசிக்கொண்டிருந்தவர் மாறியதே தெரியவில்லை!

கார்னெல் பல்கலைக்கழக வளாகம். ஒருவர் வரைபடத்தோடு வந்து உங்களிடம் வழி கேட்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் இருவருக்கும் நடுவே புகுந்து போகிறார்கள். கதவு நகர்ந்ததும் நீங்கள் தொடர்ந்து வழி சொல்கிறீர்கள். ஆனால் இப்போது எதிரில் நிற்பவர் வேறு ஆள்! உயரம் வேறு, சட்டை வேறு, குரல் வேறு. டேனியல் சைமன்ஸும் டேனியல் லெவினும் 1998-ல் வெளியிட்ட இந்தச் சோதனையில் ஏறத்தாழ பாதிப் பேர் எதையும் கவனிக்கவில்லை.

டி.வி.யில் திருடன், 2,000 சாட்சிகள்!

1974 டிசம்பரில் நியூயார்க் டி.வி. ஒன்றில் சில விநாடிக் காட்சி: ஒருவன் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். உளவியலாளர் ராபர்ட் பக்கவுட் ஏற்பாடு செய்த நாடகம் அது. அடுத்து, ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, “இவர்களில் யார்? அல்லது யாருமே இல்லையா? போன் செய்து சொல்லுங்கள்” என்றார்கள். 2,000-க்கும் மேற்பட்ட நேயர்கள் போன் செய்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏழில் ஒரு பங்கு! இருந்த விடைகளும் ஏழுதானே? கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருந்தாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும்.

பயந்தால் முகம் பதியுமா?

“அந்தப் பயத்தில் பார்த்த முகம் சாகும்வரை மறக்காது” என்பார்கள். சோதனை என்ன சொல்கிறது? லண்டனில் ‘லண்டன் டஞ்சன்’ என்ற பேய் வீட்டுக் கேளிக்கை அரங்கம் இருக்கிறது. அதன் இருட்டுச் சந்துகளில் திடீரென்று எதிரில் குதித்துப் பயமுறுத்திய ஒருவரை, வெளியே வந்தவர்களிடம் படத்தில் அடையாளம் கேட்டார் டிம் வாலண்டைன். அதிகம் பயப்படாதவர்களில் 75 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அதிகம் பயந்தவர்களில்? வெறும் 17 விழுக்காடு! காசு கொடுத்து வாங்கிய பயத்துக்கே இந்தக் கதி.

கையில் ஆயுதம் இருந்தால் இன்னும் மோசம். எலிசபெத் லோஃப்டஸ் குழு 1987-ல் உணவகக் காட்சி ஒன்றை இரண்டு விதமாகக் காட்டியது. ஒன்றில் வாடிக்கையாளர் காசோலை நீட்டுகிறார், மற்றதில் துப்பாக்கி நீட்டுகிறார். கண்ணின் அசைவை அளந்தபோது, பார்வை திரும்பத் திரும்பத் துப்பாக்கிக்கே ஓடியது. பாவம், முகத்தைப் பார்க்க நேரம் ஏது?

வாயால் சொன்னால் மனதிலிருந்து அழியும்!

இது அதைவிட விசித்திரம். 1990-ல் ஜானதன் ஸ்கூலரும் டோன்யா எங்ஸ்லர்-ஸ்கூலரும் வங்கிக் கொள்ளை வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கொள்ளையன் முகத்தை ஐந்து நிமிடம் வர்ணித்து எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பிறகு படம் காட்டியபோது, வர்ணிக்காதவர்களில் 64 விழுக்காட்டினர் சரி. வர்ணித்தவர்களில் 38 விழுக்காடுதான்! 2014-ல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இதைத் திரும்பச் செய்து பார்த்தன. விளைவின் அளவு குறைந்தது. ஆனால் விளைவு உண்மை என்று உறுதியானது.

காரணம், முகத்தை நாம் மூக்கு, வாய், கண் என்று துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை. மொத்தமாகத்தான் பார்க்கிறோம். பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாக ஒட்டி, பிறகு படத்தையே தலைகீழாகக் காட்டினார் பீட்டர் தாம்சன், 1980-ல். பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். நிமிர்த்திப் பிடியுங்கள், அலறிவிடுவீர்கள்! ஆனால் காவல் நிலையத்தில் கேட்பதோ “மூக்கு எப்படி? நெற்றி எப்படி?” என்றுதான். அதனால்தான் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஈவோஃபிட்’ மென்பொருள், முழு முகங்களை வரிசையாகக் காட்டி, “எது கிட்டத்தட்ட வருகிறது?” என்று கேட்டு, தேர்ந்தவற்றைக் கலந்து அடுத்த வரிசையை உருவாக்குகிறது.

சாட்சியம் பற்றிப் பேசியவரே சந்தேக நபர்!

டொனால்ட் தாம்சன் ஆஸ்திரேலிய உளவியலாளர். 1970களில் ஒருநாள் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் “இவர்தான்” என்று உறுதியாகக் காட்டிவிட்டார். ஆனால் சம்பவ நேரத்தில் தாம்சன் டி.வி. நேரலையில் இருந்தார்! எதைப் பற்றிப் பேசிக்கொண்டு? நேரில் கண்ட சாட்சிகளின் நினைவைப் பற்றி! நடந்தது இதுதான்: தாக்குதல் நடந்தபோது அந்தப் பெண்ணின் வீட்டு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த முகமும் தாக்கியவனின் செயலும் நினைவில் ஒட்டிக்கொண்டன. முகம் சரி, நேரமும் சரி, ஆள்தான் வேறு!

ஒருவரை இருமுறை ஆட்டிப்படைத்த முகச் சாயல்

1895 டிசம்பர். லண்டன் தெருவில் நடந்துபோன நார்வேக்காரர் அடால்ஃப் பெக்கை ஒரு பெண் மறித்தார். “என் நகைகளை ஏமாற்றிப் பிடுங்கியவன் நீதானே!” பிரபு வேடமிட்டு, பெண்களிடம் இனிக்கப் பேசி, செல்லாத காசோலை கொடுத்து நகை சுருட்டிய ஒரு மோசடிக்காரனை லண்டன் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வந்தார்கள். “இவர்தான், இவரேதான்!” 1877-ல் இதே பாணியில் மோசடி செய்து சிறை போன ‘ஜான் ஸ்மித்’ இவர்தான் என்று ஓய்வுபெற்ற காவலரும் சத்தியம் செய்தார். அந்த 1877-ல் பெக் இருந்தது தென் அமெரிக்காவின் பெருவில்! கேட்பார் யார்? 1896-ல் ஏழு வருடச் சிறை.

சிறை ஏட்டில் இருந்த குறிப்பைக் கேளுங்கள்: ஸ்மித் சுன்னத் செய்யப்பட்டவர், பெக் செய்யப்படாதவர். 1898-லேயே இது அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் செய்ததெல்லாம் பெக்கின் கைதி எண்ணை மாற்றியதுதான்! 1901-ல் வெளியே வந்தார். 1904-ல் மறுபடியும் பெண்கள், மறுபடியும் “இவர்தான்”, மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை அறிவிப்பதற்குள், வெளியே எத்தன் மீண்டும் கைவரிசையைக் காட்டி மோதிரங்களோடு மாட்டிக்கொண்டான். பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-ல் உருவானதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். இரு வழக்கிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அத்தனை பேரும் நேர்மையானவர்கள், அத்தனை பேரும் தவறு! சாட்சிகளின் எண்ணிக்கை கூடினால் உண்மை கூடும் என்று இனி சொல்வோமா?

முகத்தை மனப்பாடம் செய்த மாணவி

1984 ஜூலை, வட கரோலினாவின் பர்லிங்டன். கல்லூரி மாணவி ஜெனிஃபர் தாம்சன் வீட்டுக்குள் நள்ளிரவில் ஒருவன் புகுந்து அவரைச் சிதைத்தான். அந்த நிலையிலும் அவர் முடிவெடுத்தார்: உயிர் பிழைத்தால் இவனை விடக்கூடாது. அவன் முகத்தை அணுஅணுவாகக் கவனித்து மனதில் ஏற்றினார். போலீஸ் ஆறு படங்களைக் காட்டியது. சில நிமிடம் யோசித்து ரொனால்ட் காட்டனின் படத்தைத் தேர்ந்தார். அடுத்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். இருவருக்கு நடுவே தயங்கி, மறுபடி காட்டனையே காட்டினார். படத்திலும் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான்! “படத்தில் காட்டியவரும் இவர்தான்” என்று அதிகாரி சொன்னதும் மனதிலிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் பறந்தது. காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

சிறைக்கு, காட்டனை முகச் சாயலில் ஒத்த இன்னொரு கைதி வந்தான். அவன்தான் உண்மைக் குற்றவாளி! 1987 மறுவிசாரணையில் அவனை ஜெனிஃபரின் கண்ணெதிரே நிறுத்தினார்கள். “இவரை நான் பார்த்ததே இல்லை” என்றார் ஜெனிஃபர். மனப்பாடம் செய்த முகம் எங்கே போனது? அது இருந்த இடத்தில் காட்டனின் முகம் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டது. 1995-ல் டி.என்.ஏ. சோதனை உண்மையைச் சொன்னது. பத்து வருடத்துக்கும் மேலான சிறைக்குப் பிறகு காட்டன் வெளியே வந்தார். பின்னர் இருவரும் சந்தித்தார்கள், நண்பர்களானார்கள், 2009-ல் சேர்ந்து புத்தகமே எழுதினார்கள்!

“சபாஷ்” என்ற ஒரு சொல் செய்யும் வேலை

அதிகாரி சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவ்வளவு பெரிய விஷயமா? 1998-ல் கேரி வெல்ஸும் எமி பிராட்ஃபீல்டும் சோதித்தார்கள். கடைக் கேமராவில் பதிவான ஒருவனைக் காட்டி, பிறகு அவன் படமே இல்லாத படவரிசையைக் கொடுத்தார்கள். ஆகவே யாரைத் தேர்ந்தாலும் தவறு. சிலரிடம் “நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டினீர்கள்” என்று மட்டும் சொன்னார்கள். அவ்வளவுதான்! “தேர்ந்தபோதே எனக்கு உறுதியாகத் தெரியும்”, “முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன்” என்று அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாலில் கலந்த தண்ணீர் மாதிரிதான் இது. சாட்சி தானாக அறிந்தது எது, அடுத்தவர் சொல்லிச் சேர்ந்தது எது என்று அதன்பின் அவராலேயே பிரிக்க முடியாது.

குதிரை கற்றுக்கொடுத்த போலீஸ் விதி

பெர்லினில் ‘ஹான்ஸ்’ என்றொரு குதிரை கணக்குப் போட்டது. விடையைக் குளம்பால் தட்டும்! 1907-ல் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் குட்டை உடைத்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண் வந்ததும் அவர் தலை அவரே அறியாமல் இம்மி அசையும். குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். படவரிசையைக் காட்டும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யார் என்று தெரிந்திருந்தால் இதே ஆபத்துதான். ஆகவே வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத அதிகாரிதான் காட்ட வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விதி. அமெரிக்காவில் இதை 2001-ல் முதலில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது நியூஜெர்சி.

“குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். ஏன்? 1993-ல் வெல்ஸ் ஒரு குற்ற நாடகத்தைப் பார்த்த 200 பேரைச் சோதித்தார். குற்றவாளி இருந்த வரிசையில் 54 விழுக்காட்டினர் அவரைக் காட்டினார்கள், 21 விழுக்காட்டினர் யாரையும் காட்டவில்லை. அவரை எடுத்துவிட்ட வரிசையில், “யாரும் இல்லை” என்றவர்கள் 32 விழுக்காடுதான். மீதிப் பேர் அசப்பில் அவரைப் போல் இருந்த யாரையோ காட்டிவிட்டார்கள்!

மறக்கவே தெரியாதவர்கள், நினைவே நிற்காதவர்கள்

2011 லண்டன் கலவரத்தின் மங்கலான கேமராப் பதிவுகளைப் பார்த்து, ஒரே ஒரு போலீஸ்காரர் ஏறத்தாழ 180 பேரை அடையாளம் சொன்னார். இப்படிப்பட்டவர்களை ‘சூப்பர் ரெகக்னைசர்’ என்கிறார்கள். மறுபக்கம், முகமே மனதில் நிற்காதவர்கள் நூற்றுக்கு இருவர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், சிம்பன்ஸி ஆய்வாளர் ஜேன் குடால் எல்லாம் இந்த வரிசைதான். பிரம்மாண்டமான முகச் சித்திரங்களுக்குப் பெயர்போன ஓவியர் சக் குளோஸும்!

நம் நாட்டில்?

இங்கே ஆட்களை வரிசையில் நிறுத்திக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பைக் காவல்துறை நடத்துவதில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்கிறது. அதில் ஆளைக் காட்டியது மட்டுமே தண்டனைக்குப் போதாது, அது துணை ஆதாரம்தான் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரையோ அவர் படத்தையோ சாட்சி பார்த்திருந்தால் அதன் மதிப்பே அடிபட்டுப்போகும். பிடிபட்ட அன்றே டி.வி.யிலும் வாட்ஸ்அப்பிலும் முகம் ஊரெல்லாம் சுற்றும் காலத்தில், வக்கீல்களின் குறுக்கு விசாரணை எங்கே தொடங்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

முதல் பதில்தான் முத்து!

அப்படியென்றால் சாட்சியை நம்பவே கூடாதா? அங்கேதான் கடைசி ஆச்சரியம்! அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் கேரட், ஆள் மாறித் தண்டிக்கப்பட்ட 161 வழக்குகளின் விசாரணைப் பதிவுகளைப் படித்தார். நீதிமன்றத்தில் அடித்துச் சொன்ன சாட்சிகள் பலர், முதல்முறை காட்டும்போது தயங்கியிருந்தார்கள். 57 விழுக்காடு வழக்குகளில் அந்தத் தயக்கம் பதிவாகவே இருந்தது. நினைவு முதலிலேயே எச்சரித்தது, கேட்கத்தான் ஆள் இல்லை! முதல் சோதனையை முறையாக நடத்தினால், அப்போது உறுதியாகச் சொல்லும் சாட்சி பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார் என்று ஜான் விக்ஸ்டெட்டும் வெல்ஸும் 2017-ல் காட்டினார்கள். 2021-ல் அவர்களோடு லோஃப்டஸும் கேரட்டும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்: ஒரு சந்தேக நபரை ஒரு சாட்சியிடம் ஒரே ஒருமுறைதான் காட்ட வேண்டும். இரண்டாவது முறை காட்டினால், குற்றத்தன்று பார்த்த முகமா, முதல் சோதனையில் பார்த்த முகமா என்பது யாருக்கும் தெரியாது.

நாளைக்கு நீங்களே சாட்சியாக நேர்ந்தால்? பக்கத்தில் இருந்தவரோடு கலந்து பேசி ஒத்துப்பார்க்காதீர்கள். செல்போனில் படம் தேடாதீர்கள். தெரியாவிட்டால் “தெரியவில்லை” என்று சொல்லுங்கள், அதுவும் முழுமையான பதில்தான். நீங்கள் முதலில் சொன்ன வார்த்தையை, தயக்கத்தோடு சேர்த்து அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். இனி செய்தித்தாளில் “சாட்சி உறுதியாக அடையாளம் காட்டினார்” என்று படித்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எத்தனையாவது முறை?